ஆக்சுவரி: "நெடுங்கணிப்பாளர்" என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்று எவ்வளவு வேண்டும் என்று கணிப்பவரை ஆங்கிலத்தில் ஆக்சுவரி (actuary) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். நான் ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். தொழில் வழிகாட்டலில் இந்தச் சொல்லை முதலில் சந்திக்கப்போவது எங்கள் பிள்ளைகள். அவர்கள் பக்கம் நின்று சொல்கிறேன்.

"காப்புறுதிக் கணக்காளர்" வேண்டாம். கணக்காளர் வேறு தொழில், அதற்குத் தனிப் பரீட்சைகள் உண்டு. தோட்டத்திலோ கணக்கு என்றதும் கணக்கப்பிள்ளைதான் நினைவுக்கு வருவார். "இடர்க் கணிப்பாளர்" என்றால் மலையகத்தில் மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். 2014 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு இடர் என்ற சொல்லுக்கு இங்கே வேறு கனம்.

"காப்புறுதிக் கணிப்பாளர்" நல்ல சொல்தான். ஆயுள் காப்புறுதிக் கம்பனிகளுக்கு ஆக்சுவரி இல்லாமல் முடியாது என்பதால் இயல்பாகவே வந்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ஆக்சுவரியின் வேலை அதிகம் தொடுவது காப்புறுதியை அல்ல, பணிக்கொடையை, அதாவது வேலையை விட்டுப்போகும்போது சேவைக்காலத்துக்காகக் கிடைக்கும் தொகையை. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு 420 நாள் சம்பளம் சேர வேண்டும். இன்று நாட்கூலி ஏறினால் கடந்த முப்பது வருடத்துக்கும் சேர்த்துக் கம்பனி கொடுக்க வேண்டிய கடன் ஏறிவிடும். பெருந்தோட்டக் கம்பனி அந்தக் கடனை இப்போதே தன் கணக்கில் காட்டியாக வேண்டும். எத்தனை பேர் இடையில் விலகுவார்கள், எத்தனை பேர் ஓய்வு வயதுவரை இருப்பார்கள், சம்பளம் எந்த வீதத்தில் கூடும், வட்டிவீதம் என்ன, எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று காட்டும் இறப்பு அட்டவணை என்ன சொல்கிறது என்றெல்லாம் எடுத்து, பல வருடம் கழித்துக் கொடுக்கப்போகும் பணத்தின் இன்றைய பெறுமதியைச் சொல்பவர் ஆக்சுவரி. இதில் காப்புறுதி எங்கே இருக்கிறது?

அதனால் என் முன்மொழிவு நெடுங்கணிப்பாளர். துறைக்கு நெடுங்கணிப்பியல், அவர் தரும் அறிக்கைக்கு நெடுங்கணிப்பு அறிக்கை. நெடுங்கணக்கு ஏற்கனவே தமிழில் இருப்பதால் காதுக்கு அந்நியமாக இராது. மோட்டார் காப்புறுதி ஒரு வருட ஒப்பந்தம்தானே என்று யாராவது கேட்கலாம். சரி, ஆனால் விபத்து வழக்கு பல வருடம் இழுபடும். இன்று வாங்கிய கட்டுப்பணத்தில் அதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கணிப்பதும் இவர்தான்.

அப்புறம் ஒரு விஷயம். ஆக்சுவரி ஆவதற்கான லண்டன் தொழில்சார் நிறுவனத்தின் பரீட்சைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், பட்டத்துக்குப் பிறகும் பல வருடம் பிடிக்கும். தமிழ்மொழி மூலம் படித்து, நிகழ்தகவில் கெட்டிக்காரராக இருக்கும் பிள்ளை இதைப் பார்த்துப் பின்வாங்கிவிடக் கூடாது. ஆகவே தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆக்சுவரி என்பதையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை பல்கலைக்கழகத்தில் எதைத் தேட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

"இடர்க் கணிப்பாளர்" சொன்ன ஐயா, உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.