'லோகஸ்ட்' மரத்துக்கு என்ன பெயர்?

> லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி. 'வெட்டுக்கிளி மரம்' என்றே விடலாமே.

குழுவினருக்கு வணக்கம்.

மாணவர் கைநூலில் இந்தப் பெயரை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்திலேயே அது இடம் மாறி வந்த பெயர். மத்தியதரைக் கடலோரத்துக் கரோப் மரத்தின் காய்க்குத்தான் முதலில் வெட்டுக்கிளிப் பெயர். விவிலியத்தில் வரும் யோவான் வனாந்தரத்தில் தின்றது அந்தக் காயைத்தான் என்று நம்பியவர்களும் உண்டு. அமெரிக்காவில் குடியேறியவர்கள் அதேபோலக் காய் தொங்கிய வேறு மரங்களையும் அப்படியே அழைத்தார்கள். கைநூலுக்குப் பெயர் தேவைப்படும் றொபீனியாவும் கிளெடிட்சியாவும் அவற்றுள் இரண்டு. அந்தக் குழப்பத்தை நாங்கள் ஏன் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்?

றொபீனியாவுக்குப் 'பொய்வேலம்' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் இட்ட 'றொபீனியா சூடோஅக்கேசியா' என்ற அறிவியற்பெயரில் வரும் 'சூடோஅக்கேசியா'வின் நேர் பெயர்ப்பு அது. இலையடியில் சோடி முள் இருப்பது வேலத்தைப் போலத்தான். பூவைப் பாருங்கள்: கருவேலம்பூ மஞ்சள் உருண்டை, இதுவோ வெள்ளைக் குலையாகத் தொங்கும், ஒவ்வொன்றும் அவரைப்பூ வடிவம்.

அதன் சொந்தம் எங்கள் வேலியிலேயே நிற்கிறது. கதியால் நட்டு, குழை வெட்டித் தோட்டத்துக்குத் தாழ்க்கிறோமே, அந்தச் சீமைக்கிளுவையும் றொபீனியாவும் அவரைக் குடும்பத்துக்குள் ஒரே கூட்டம். அகத்தி அதற்கு அடுத்த கிளை. மூன்றுக்கும் வேரில் சிறுகணுக்கள் உண்டு. காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குத் தருபவை. (சீமைக்கிளுவை என்ற பெயரே தவறான உறவு சொல்கிறது. கிளுவை முற்றிலும் வேறு குடும்பம். ஆனபடியால் அதை அடியாக வைத்து இன்னொரு பெயர் கட்ட நான் விரும்பவில்லை.) என் முன்மொழிவு: இணைமுள் அகத்தி.

மற்றது கிளெடிட்சியா, 'தேன் லோகஸ்ட்'. அதன் முள் இலையடிச் செதிலிலிருந்து வந்ததல்ல, கிளையே முள்ளானது. மூன்றாகக் கவர்விட்டு அடிமரத்திலேயே நிற்கும். நீண்ட காய்க்குள் கொன்றைக்காயில் போல இனிப்பான சதை. கவர்முட்கொன்றை எனலாம்.

---

ஐயா, வணக்கம்.

கவர்முட்கொன்றை எனக்கு முழுச் சம்மதம். உறவைக் காட்டுவதும், முள்ளின் பிறப்பைச் சொல்வதும் ஒரே சொல்லில் வந்துவிட்டது.

ஆனால் மற்றதில் 'அகத்தி' வேண்டாம். ஏகாதசி விரதமிருந்து, துவாதசியன்று அகத்தியிலை சமைத்துப் பாறணை செய்கிற வீடுகள் எங்களுடையவை. றொபீனியாவின் இலை, பட்டை, விதை மூன்றும் நஞ்சு. பட்டையைக் கடித்த குதிரைகள் நோயில் விழுந்திருக்கின்றன. கனடாவில் இருக்கிற எங்கட பிள்ளைகள் அந்த மரத்தை நேரிலேயே பார்ப்பவர்கள். பெயரை நம்பி ஒருவர் ஒரு பிடி இலை ஆய்ந்தால் என்ன செய்வது?

உறவை விளக்கக் குறிப்பில் எழுதுவோம், பெயருக்கு முள் போதும். நீர்முள்ளி, கழுதைமுள்ளி என்று ஏற்கெனவே வழங்குகிறோம். அந்த வரிசையில் இணைமுள்ளி. முள்ளி என்றால் செடிதானே என்று தடை எழுந்தால் 'இணைமுள் மரம்'.

ஐயா சம்மதித்தால் இன்றிரவே பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.