மாற்றிப் போட்டால் தேய்ந்த டயர் பின்னால்தானே போகும்?

மழைக்காலம்:
எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சிங்கப்பூர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 50 கிலோமீட்டர்தான். இங்கே டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்வது பட்டறைக்காரர்கள் பணம் பறிக்கும் வேலை." ஒருவர்கூட மறுக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. நானும் இப்படி நம்பித்தான் 28,000 கிலோமீட்டர் ஓட்டினேன். எங்களுடையது முன்சக்கர இயக்கக் கார். போன வாரம் மழையில் தீவு விரைவுச்சாலையில் வேகத்தைக் குறைத்தபோது முன்பக்கம் ஒரு கணம் தண்ணீரில் மிதந்தது. பின்இருக்கையில் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், முன்டயர்களின் வெளி ஓரம் மொழுமொழுவென்று இருக்கிறது. டயர் பள்ளங்களின் ஆழத்தை அளந்தேன். முன்னால் 2.5 மில்லிமீட்டர், பின்னால் 6.

பழைய வேன்காரர்:
நல்ல வேளை, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாட்ஸ்அப் மேதாவியிடம் இதைக் காட்டுங்கள். முன்சக்கர இயக்கக் காரில் இஞ்சின் எடை முன்டயர் மேல், இழுப்பது முன்டயர், திரும்புவது முன்டயர், பிரேக்கின் பெரும் சுமையும் முன்டயர் மேல். பின்டயர் கூடவே உருண்டு வருகிறது, அவ்வளவுதான். ஊர் சிறியது என்பதால் தேய்மானம் குறையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் தினமும் ஐந்து மாடி வளைந்து வளைந்து ஏறி இறங்குகிறோமே, அந்த வளைவுகள்தான் முன்டயரின் தோள்பட்டையைத் தின்கின்றன. சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். ஆனால் மழைத் தண்ணீரைத் தள்ளும் சக்தி அதற்கு வெகுமுன்பே குறைந்துவிடும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

ஈசூன்வாசி:
ஒரே ஒரு கேள்வி. மாற்றிப் போட்டால் தேய்ந்த டயர் எங்கே போகிறது? பின்னால். ஆழமான டயர் பின்னால் இருக்க வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். இதற்குப் பதில் சொல்லிவிட்டு அறிவுரை கூறுங்கள்.

பழைய வேன்காரர்:
அது இரண்டு புதிய டயர் வாங்கும்போது சொல்லும் விதி, தம்பி. ஒழுங்காக மாற்றுகிறவனுக்கு அவ்வளவு வித்தியாசமே வராது. அவருடைய கணக்கையே எடுங்கள். புது டயர் 8 மில்லிமீட்டர். 10,000 கிலோமீட்டரில் முன்னால் 2 தேயும், பின்னால் 0.7. அப்போது மாற்றினால் பின்னால் 6, முன்னால் 7.3. இன்னொரு 10,000 ஓடினால் நான்கும் 5.3. எங்கே இருக்கிறது ஆபத்து?

ஈசூன்வாசி:
அந்த 10,000 கிலோமீட்டரும் பின்னால் குறைவு. நீங்களே எழுதிவிட்டீர்கள். பின்னால் போகிறதா, இல்லையா?

சொல்தேடி:
இடையில் ஒன்று. சிலர் இதை "டயர் சுழற்சி" என்கிறார்கள். டயர் எப்போதும் சுழலத்தானே செய்கிறது? நாம் பேசுவது இடமாற்றம். முதலில் எதை எப்படி மாற்றுவது என்பதை வரையறுத்துவிட்டுப் பேசலாமே.

பழைய வேன்காரர்:
சொல்லை நீங்கள் தேடிக்கொண்டிருங்கள். டயர் தேய்ந்துகொண்டிருக்கிறது.

காலாங் கரை:
நான் வருடாவருடம் அலைன்மெண்ட் பார்த்துவிடுகிறேன். அது போதாதா?

பழைய வேன்காரர்:
போதாது. அலைன்மெண்ட் சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யும். முன்டயர் சுமக்கிற எடையை அது பின்னால் மாற்றாது.

ஈசூன்வாசி:
வேன்காரரே, உங்கள் வேன் பின்சக்கர இயக்கம். சாமான் முழுவதும் பின்னால். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு எங்கள் காருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். போன வருடம் பேட்டரி விவாதத்திலும் இப்படித்தான் எல்லோரையும் அடக்கினீர்கள்.

பழைய வேன்காரர்:
பேட்டரி விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி, அதை இன்றும் சொல்வேன். 22 வருடம் சரக்கு வேன் ஓட்டியவன் நான். வீட்டில் முன்சக்கர இயக்கக் காரும் உண்டு. வாரக் கடைசியில் நானே ஜாக்கி வைத்து மாற்றுகிறேன். முன்டயர் இரண்டும் நேராகப் பின்னால், பின்டயர் இரண்டும் குறுக்காக முன்னால். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் குறுக்கே போடக்கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும். கழற்றியதும் உள்ளங்கையால் டயரைத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் ரம்பம்போல் அறுக்கும். அந்த ரம்பப் பல்தான் ஓடும்போது வண்டு ரீங்காரம்போல் கேட்கிறது. பலர் பேரிங் போய்விட்டது என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் பயணி:
எதற்கு இத்தனை பாடு? பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாருவில் நான்கையும் புதிதாகப் போட்டுவிட்டு வாருங்கள். விலை குறைவு.

காலாங் கரை:
எனக்கு அங்கே ஒரு கடையில் பழைய சரக்கைப் புதிது என்று விற்றார்கள். பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். 1518. அதாவது 2018-இன் 15ஆவது வாரம். நான் வாங்கியது 2023-இல்.

உட்லண்ட்ஸ் பயணி:
பார்க்காமல் வாங்கியது உங்கள் குற்றம். ஒரு கடைக்காக ஓர் ஊரையே பழிக்காதீர்கள். என் மாமனார் ஊர் அது.

காலாங் கரை:
ஊரை யார் பழித்தது? மாமனாரை ஏன் இழுக்கிறீர்கள்?

ஈசூன்வாசி:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது. தேய்ந்த டயர் பின்னால் போகிறதா, இல்லையா?

மழைக்காலம்:
ஐயா, சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன். 2.5 உள்ளதைப் பின்னால் போடச் சொல்வதா, வேண்டாமா?

பழைய வேன்காரர்:
வேண்டவே வேண்டாம். 2.5 ஆனபின் இடமாற்றப் பேச்சே இல்லை. அவற்றைத் தூக்கி எறியுங்கள். புதிதாக இரண்டு வாங்கிப் பின்னால் போடுங்கள், பின்னால் உள்ள 6-ஐ முன்னால் கொண்டுவாருங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு நட்டை முறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபாருங்கள்.

ஈசூன்வாசி:
ஆழமானது பின்னால்! முதல் வரியிலிருந்து நான் சொன்னது இதைத்தான்.

பழைய வேன்காரர்:
நீங்கள் சொன்னது மாற்றவே கூடாது என்று. மேலே போய் வாசியுங்கள்.

ஈசூன்வாசி:
எந்த வரியில் அப்படிச் சொன்னேன்? காட்டுங்கள்.

சொல்தேடி:
இதற்குத்தான் முதலிலேயே வரையறை கேட்டேன்.

பழைய வேன்காரர்:
இரவு வேலை முடிந்து வந்து காட்டுகிறேன். பேட்டரி விவாதத்தையும் சேர்த்தே எடுத்து வருகிறேன்.