டிஎம்ஏ: மேப், அன்மேப், சிங்க் மூணுக்கும் சொல் வேணும் (சனிக்கிழமை வகுப்பு)

எல்லாருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை லேப் வகுப்புக்கான குறிப்பு அச்சுக்குப் போகணும், வியாழன் ராத்திரிக்குள்ள சொல் முடிவானா போதும். வைஃபை டிரைவர் எழுதக் கத்துக்கற பிள்ளைங்க, முக்காவாசி பேர் தமிழ்வழியில படிச்சவங்க. டிஎம்ஏ, அதாவது டைரக்ட் மெமரி ஆக்சஸ், வைஃபை கார்டு மாதிரி சாதனம் சிபியு வழியா போகாம நேரா மெமரில எழுதறது, வாசிக்கறது. அதை "நேரடி நினைவக அணுகல்"னு போட்டுத்தான் இத்தனை நாள் நடத்தினேன். போன வாரம் ஒரு பொண்ணு எழுந்து, "மிஸ், சிபியுவும் நினைவகத்தை அணுகத்தானே செய்யுது, இதுல என்ன விசேஷம்"னு கேட்டா. பதில் தெரியும், ஆனா அந்தச் சொல்லை வச்சுக்கிட்டு என்னால பதில் சொல்ல முடியல.

நடந்தது இது. பாடத்துக்காக நாங்க சின்னதா எழுதின டிரைவர், லேப்டாப்ல அருமையா ஓடுச்சு. அதையே மிப்ஸ் சிப் இருக்கற பழைய ரவுட்டர்ல போட்டா பேக்கெட் கெட்டுப்போய் வருது. பேக்கெட்டை பைட் பைட்டாக் காட்டற ஹெக்ஸ் டம்ப்பை பிரிண்ட் எடுத்து, முந்தின பேக்கெட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பென்சில்ல வட்டம் போட்டோம். தலைப்பகுதி சரி, வால் சரி, நடுவுல சரியா 32 பைட் மட்டும் முந்தின பேக்கெட்டோடது. கேஷ்னா மெமரில இருக்கறதுக்கு சிபியு தன் பக்கத்துல வச்சுக்கற நகல், அதை லைன் லைனாத்தான் எடுக்கும், அந்த சிப்ல ஒரு கேஷ் லைன் 32 பைட். கார்டு மெமரில புதுசை எழுதிட்டுப் போயிருச்சு, சிபியு தன் கேஷ்ல கிடந்த பழசை வாசிச்சுட்டு உக்காந்திருக்கு. அந்தப் பழைய நகலை விட்டுட்டு மெமரில இருக்கற புதுசை வாசிக்க வைக்கற "சிங்க் ஃபார் சிபியு"ன்னு ஒரே ஒரு வரி விட்டுப்போச்சு. லேப்டாப்ல ஹார்ட்வேரே கேஷைப் பாத்துக்கறதால அங்க தப்பு வெளிய வரல.

பேக்கெட் தங்கற மெமரித் துண்டுதான் பஃபர், அதைக் கார்டுக்குக் குடுக்கறது மேப், திரும்ப வாங்கறது அன்மேப். மேப் பண்ணின நிமிஷத்துலேர்ந்து பஃபர் கார்டோடது. அன்மேப் பண்ற வரைக்கும் டிரைவர் அதைத் தொடக்கூடாது, நடுவுல பாக்கணும்னா சிங்க் பண்ணி வாங்கி, பாத்துட்டு, மறுபடி சிங்க் பண்ணிக் குடுக்கணும். யார் கையில இருக்குங்கறதுதான் பாடமே. அதைச் சொல்ற சொல் வேணும்.

---

> நேரடி நினைவக அணுகல்

அம்மா, கோளாறு "அணுகல்"ல இருக்கு. அணுகுதல்னா கிட்டப் போறது, அவ்வளவுதான். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க"ன்னு வள்ளுவர் சொன்ன இடத்துல தூரம்தான் பேச்சு. உங்க கார்டு கிட்டப் போய் நிக்கல, உள்ள புகுந்து எழுதுது. "உய்த்தல்"னு பழைய வினை ஒண்ணு இருக்கு, செலுத்துதல், கொண்டு சேர்த்தல் ரெண்டும் அதுக்குள்ள அடக்கம். "நேருய்ப்பு"ன்னு வைங்க. அஞ்சே எழுத்து.

---

ஐயா மன்னிக்கணும், நேருய்ப்பை நானே ரெண்டு தடவை எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். நான் நாள் பூரா கெர்னல் லாக், அதாவது லினக்ஸ் தன் கோளாறை எழுதி வைக்கற பதிவு, பாக்கறவன். ஏடிஎச்9கேங்கற வைஃபை டிரைவர் "டிஎக்ஸ் (அனுப்பற பக்கம்) டிஎம்ஏவை நிறுத்த முடியல"ன்னு கத்தும், பையன் அந்த வரியை அப்படியே தேடினாத்தான் அவனுக்கு வழி கிடைக்கும். டிஎம்ஏங்கறதை டிஎம்ஏன்னே விட்டுடுங்க.

இன்னொண்ணு, அணுகலை ஒரேயடியா தூக்கிப் போடாதீங்க. பழைய பிராட்காம் சிப் சிலதுக்கு 30 பிட் முகவரிதான், அதாவது 1 ஜிபிக்கு மேல இருக்கற மெமரி அதுக்கு எட்டாது. ரேம் கூடுதலா போட்டதும் வைஃபை படுத்துக்கும், பஃபரைக் கீழ் பகுதிக்கு நகல் எடுத்துக் குடுத்தாத்தான் ஓடும். அங்க பிரச்சினை தூரம்தான், ஐயா சொன்ன அதே தூரம். அந்த இடத்துக்கு அணுகல் கனகச்சிதம்.

---

அக்கா, யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். நீங்கள் சொன்ன மேப், அன்மேப் கதையை வாசிக்கேக்க எனக்கு உடன ஒற்றிதான் ஞாபகம் வந்தது. காணியை ஒற்றிக்குக் குடுத்தா உறுதி, அதாவது பத்திரம், எங்கட பேரில இருக்கும், ஆனா அனுபவிக்கிறது மற்றவர், காசைக் குடுத்து மீட்கிற வரைக்கும் நாங்கள் உள்ள கால் வைக்கேலாது. 1707இல டச்சுக்காரர் தொகுப்பிச்ச தேசவழமை எண்ட யாழ்ப்பாண வழமைச் சட்டத்திலயே ஒற்றி இருக்கு. மேப் எண்டா ஒற்றி வைத்தல், அன்மேப் எண்டா ஒற்றி மீட்டல். பிள்ளையளுக்கு ஒரு தரம் சொன்னா மறக்காது.

---

தம்பி, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு இந்தச் சொல்லு! காற்று காத்தாகுது, நேற்று நேத்தாகுது, ஒற்றி ஒத்தியாகுது, மதுரைப் பக்கம் இன்னிக்கும் "ஒத்திக்கு வீடு"ன்னு சுவர்ல எழுதித் தொங்குது. திருவொற்றியூரை வச்சு, சிவன் குடியிருக்கறதே ஒற்றிக்கு எடுத்த ஊர்லதான்னு சிலேடை பாடினவங்க உண்டு. ஒற்றுதல்னா ஒன்றின் மேல் ஒன்று படியறது, மெய்யெழுத்தை ஒற்றுன்னு சொல்றதையும் இதோட சேர்த்துப் பாக்கணும், அதைத் தனி மடலா எழுதறேன்.

---

ஐயா, அந்தத் தனி மடல் கட்டாயம் வேணும், ஆனா சனிக்கிழமை தாண்டி வரட்டும்.

எனக்கு ஒற்றியில ரெண்டு சங்கடம். சிங்க்குக்கு எல்லாரும் "ஒத்திசைவு"ன்னு எழுதறோம். ஒரே பக்கத்துல ஒத்தியும் ஒத்திசைவும் வந்தா பையன் ரெண்டையும் ஒண்ணாக் கட்டிடுவான், போதாததுக்கு "ஒத்திவைத்தல்" வேற இருக்கு. ரெண்டாவது, சென்னைப் பசங்களுக்கு ஒத்தி தெரியாது, அவங்க வீட்ல லீஸ், கொஞ்சம் தள்ளிப் போனா போக்கியம். உவமையையே விளக்கணும்னா அந்தச் சொல்லு எதுக்கு? "ஒப்படைப்பு", "மீட்பு"ன்னு எளிமையா வைங்க, காவல் நிலையத்துல வண்டியை ஒப்படைக்கறது மீட்கறது எல்லாருக்கும் தெரியும்.

---

சிங்க்குக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், கைமாத்து. வட்டியில்லாம வாங்கி உடனே திருப்பிக் குடுக்கறது. பஃபர்களைச் சுத்திச் சுத்தி மறுபடி பயன்படுத்தற ரிங்ல ஒரே பஃபர் மேப்ல இருந்தபடியே கார்டுக்கும் சிபியுவுக்கும் நடுவுல போய்ப் போய் வருதே, அதுக்கு இதைவிடப் பொருத்தமா வேற ஒண்ணு எனக்குத் தோணல. ஒற்றியில இது முடியாது, ஒற்றிக்குக் குடுத்த வீட்டை நடுவுல அரை மணி நேரம் வாங்கிப் பாத்துட்டுத் திருப்பித் தர்ற வழக்கம் எங்கயும் இல்ல.

---

எல்லாருக்கும் நன்றி. மணி பதினொண்ணரை, அச்சகத்துக்கு அனுப்பியாச்சு. டிஎம்ஏ டிஎம்ஏவாவே இருக்கு, முதல் இடத்துல மட்டும் பக்கத்துல நேரடி நினைவக அணுகல்னு போட்டிருக்கேன். மேப் ஒப்படைப்பு, அன்மேப் மீட்பு, சிங்க் கைமாற்று. இதுக்குத்தான் நாலு பேர் சரின்னு எழுதியிருந்தீங்க. தம்பியோட காணிக் கதையைப் பெட்டிச் செய்தியா அப்படியே சேர்த்திருக்கேன், கேள்வி கேட்ட பொண்ணுக்குப் பதில் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. ரவுட்டர் இப்ப ரெண்டு நாளா ஒரு பேக்கெட் கெடாம ஓடுது.

---

அம்மா, அச்சுக்குப் போனது போகட்டும். ஒப்படைச்சதைத் திருப்பி வாங்கியே ஆகணும்ங்கற கட்டாயம் ஒப்படைப்புங்கற சொல்லுல இல்ல, ஒற்றியில அது பிறவிலேயே இருக்கு. ஒத்திசைவோட குழம்பும்னு சொல்லித்தானே ஒற்றியைத் தள்ளினீங்க? இப்ப சிங்க்குக்குக் கைமாற்றுன்னு வச்சாச்சே, அப்புறம் குழம்பறதுக்கு அங்க என்ன இருக்கு? அடுத்த பதிப்புக்கு இதை மறுபடி எடுப்பேன்.