புளித்த பாலில் கேக் செய்யலாமா? அவசரம்!

பாயான்லெப்பாஸ்_மாலா (வெள்ளி, மாலை 5.12)
வணக்கம். நாளைக்கு மகனுக்குப் பிறந்தநாள். காலையில் செய்த கேக் நடுவில் அமுங்கிப் போச்சு, வாயில் வைத்தால் சோப்பு மாதிரி கசக்கிறது. மறுபடியும் செய்யலாம் என்றால் பால் புளித்துக் கிடக்கிறது. புளித்த பால் கேக்குக்கு நல்லது என்று அம்மா சொல்வார். ஊற்றலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

செந்தூல்_அடுப்பு (5.20)
என்ன கேக்? சோடாவா, பேக்கிங் பவுடரா? என்ன பால், திறந்து எத்தனை நாள்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்கணும் தங்கச்சி.

ஓவன்_ராஜா (5.26)
அமுங்கினால் ஓவன்தான். திருகு 180 என்று காட்டும், உள்ளே 160 கூட இருக்காது. முதலில் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

செந்தூல்_அடுப்பு (5.29)
உங்களுக்கு எதைக் கேட்டாலும் ஓவன்தான். கசப்பு எங்கிருந்து வந்தது?

பாயான்லெப்பாஸ்_மாலா (5.41)
மன்னிக்கணும். வெண்ணெய் கேக். குறிப்பில் ஒரு கப் பட்டர்மில்க், அரை தேக்கரண்டி சோடா. பட்டர்மில்க் கிடைக்கவில்லை, வீட்டில் சந்தான் (தேங்காய்ப்பால்) பாக்கெட் இருந்தது, அதை ஊற்றிவிட்டேன். புளித்தது யு.எச்.டி. பெட்டிப் பால், திறந்து 9 நாள்.

பழைய_கை (5.50)
சந்தான் கதையை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம். இங்கே புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை. சரி, கேளுங்கள். சோடா பொங்கப் புளிப்பு வேண்டும். ஒரு கப் பட்டர்மில்க்கின் புளிப்புக்கு அரை தேக்கரண்டி சோடா சரியாக இருக்கும். சந்தானில் அந்தப் புளிப்பு ஏது? சோடா அப்படியே தங்கிவிட்டது. சோப்பு ருசி அதனால்தான். மேலே கறுத்தும் இருக்குமே?

பாயான்லெப்பாஸ்_மாலா (5.53)
ஆமாம்! ஓரமெல்லாம் கறுப்பு. அப்போ புளித்த பாலை ஊற்றினால் சரியாகிவிடுமா?

பழைய_கை (5.58)
கொட்டுங்கள். உங்கள் அம்மா சொன்னது பால்காரர் கொண்டுவந்த கறந்த பால். அதில் இருந்த கிருமியே அதைப் புளிக்க வைத்தது. பெட்டிப் பாலைக் கொதிநிலைக்கும் மேலே சூடாக்கி எல்லாவற்றையும் கொன்றுவிடுகிறார்கள். திறந்த பிறகு உள்ளே விழுந்தது எதுவோ அதுதான் வளரும். அது புளிப்பு இல்லை, கெட்டுப்போனது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வசந்தி (6.04)
இதற்கு ஏன் இவ்வளவு? மோர் ஊற்றுங்கள் மாலா. பட்டர்மில்க் என்றால் மோர்தானே.

பழைய_கை (6.07)
நம் மோர் பாதி தண்ணீர். மாவு நீர்த்துப் போகும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வசந்தி (6.11)
எங்கள் பாட்டி மத்தில் கடைந்து, வெண்ணெயைக் கையில் உருட்டி எடுத்த பிறகு பானையில் நின்றது மோர். பெயரிலேயே பட்டர் இருக்கிறது. உங்களுக்குப் பாட்டி இல்லையா?

பழைய_கை (6.15)
பாட்டி இருந்தார். இப்போது கடையில் பட்டர்மில்க் என்று விற்பது பெரும்பாலும் கடைந்ததே இல்லை, பாலில் உறை சேர்த்துப் புளிக்க வைத்தது. குறிப்பு எழுதுகிறவர்கள் சொல்வது அந்தக் கெட்டியைத்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வசந்தி (6.18)
அப்படியென்றால் தண்ணீர் விடாத மோர் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

செந்தூல்_அடுப்பு (6.22)
சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்குப் பிறந்தநாள். மாலா, தயிர் இருந்தால் முக்கால் கப் தயிர், கால் கப் தண்ணீர், நன்றாக அடித்து ஊற்றுங்கள். தயிர் இல்லையா, ஒரு மேசைக்கரண்டி வினிகரில் புதுப் பாலை ஊற்றி ஒரு கப் ஆக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். திட்டுத் திட்டாய்த் திரிந்து நிற்கும், பயப்பட வேண்டாம். வினிகருக்குப் பதில் லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்தாலும் சரி.

பால்_ஆகாது (6.30)
என் மகளுக்குப் பால் ஒத்துக்காது. சோயாப்பாலில் வினிகர் விடலாமா?

செந்தூல்_அடுப்பு (6.33)
விடலாம், அதுவும் திரியும். சர்க்கரை இல்லாததாகப் பாருங்கள், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்பது இனிப்பு.

பாயான்லெப்பாஸ்_மாலா (சனி, இரவு 9.47)
தயிர் ஊற்றினேன். கசப்பு இல்லை. நடுவில் மட்டும் கொஞ்சம் அமுங்கியது, சாக்லேட் தடவி மூடிவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

ஓவன்_ராஜா (9.49)
நான் சொன்னேன்லா.