ஆபீஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் பேக்: எப்படிக் கழற்றுவது?

வணக்கம் நண்பர்களே. ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான். பழைய மென்பொருள் ஒன்று விண்டோஸ் 7-ல் மட்டும்தான் ஓடும். அதற்காக லினக்ஸ் லேப்டாப்பில், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 போட்டேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு யூஎஸ்பி 2.0 தேவைப்பட்டதால், அதன் கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷன் பேக்கையும் இறக்கினேன். உரிமத்தைக் கடைசி வரி வரை உருட்டினால்தான் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டன் உயிர் பெறும். உருட்டினேன், படிக்கவில்லை!

நேற்றுதான் உட்கார்ந்து படித்தேன், வயிற்றில் புளியைக் கரைத்தது. அடிப்படை மென்பொருள் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, ஆபீஸிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பேக்குக்கு மட்டும் பியூஇஎல் என்று தனி உரிமம். சொந்த உபயோகம், கல்வி, சோதித்துப் பார்ப்பது, இதற்குத்தான் இலவசம். ஆபீஸ் வேலைக்குக் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-லிருந்து யூஎஸ்பி 2, 3 இரண்டும் அடிப்படையிலேயே இருக்கின்றன. அதனால் பேக்கை நீக்கிவிட்டு மேம்படுத்தலாம் என்றிருக்கிறேன். முதலில் பேக்கை எடுக்கணுமா, மேம்படுத்திய பிறகா? பேக் இல்லாமல் யாராவது டோக்கன் ஓட்டுகிறீர்களா?

இன்னொன்று. உள்ளே ஓடும் விண்டோஸில் போடும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸில் கிளிப்போர்டை இருபக்கமும் திறந்து வைத்திருந்தேன். லினக்ஸில் காப்பி செய்த பேங்க் பாஸ்வேர்டு, விண்டோஸ் நோட்பேடில் பேஸ்ட் அழுத்தியதும் அப்படியே வந்து விழுந்தது. இப்போது அணைத்துவிட்டேன், பகிர்ந்த ஃபோல்டரையும் படிக்க மட்டும் என மாற்றியாச்சு. இது போதுமா, அடிஷன்ஸையே தூக்கிவிடணுமா?