தண்ணீர் கேன் போட பேட்டரி வண்டி: பட்டறையில் செய்ததை வாங்கலாமா?

கேன்காரர், வியாசர்பாடி:
வீடுகளுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறேன். எக்ஸ்எல் மொபெட்டில் ஒரு நடைக்கு நான்கு கேன்தான் கட்ட முடிகிறது, லாபமெல்லாம் பெட்ரோலுக்கே போகிறது. பக்கத்துப் பட்டறையில் மூன்று சக்கர பேட்டரி வண்டி செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கம்பெனி வண்டியைவிட விலை நன்றாகவே குறைவு. பத்து கேன் ஏற்றினால் மேம்பாலம் ஏறுமா? மழைக்குத் தாங்குமா?

வெல்டிங் பட்டறை, அம்பத்தூர்:
தம்பி, நானும் இந்த வேலை செய்கிறவன்தான். அதனாலேயே சொல்கிறேன், முதலில் பேப்பரைப் பாருங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகம், 4 கிலோவாட் மோட்டார், 310 கிலோ சரக்கு, இதற்குள் இருந்தால் அது இ-கார்ட், அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர பேட்டரி வண்டி. பர்மிட் தேவையில்லை. ஆனால் பதிவும் லைசென்ஸும் கட்டாயம். டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடலைச் சோதனை மையத்தில் சோதித்துக் கொடுக்கும் சான்று இல்லாத வண்டிக்கு ஆர்டிஓவில் நம்பர் கிடைக்காது. நம்பர் இல்லாவிட்டால் இன்சூரன்ஸும் இல்லை. யார் மீதாவது மோதிவிட்டால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஒரகடத்திலேயே அந்தச் சோதனை மையம் இருக்கிறது. அப்ரூவல் வாங்கிய சின்னத் தயாரிப்பாளராகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் சேஸிஸ், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் நம்ம ஊர்ப் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். உள்ளூர் வண்டியின் பலமே அதுதான்.

பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 12 வோல்ட் லெட் ஆசிட் நான்கு வைத்தால் அதுவே நூறு கிலோவைத் தாண்டும். ஐந்து கேன் எடை வீணாகப் போகிறது. அதுவும் அடிக்கடி சார்ஜ் முழுதாக இறங்க விட்டால் சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் விலை கூடத்தான், ஆனால் பல மடங்கு உழைக்கும். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆக ஐந்தரை யூனிட் கரண்ட் போதும்.

கேன்காரர், வியாசர்பாடி:
நன்றி அண்ணே. மேம்பாலம்?

வெல்டிங் பட்டறை, அம்பத்தூர்:
சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் வேண்டாம், பாரத்தோடு ஏறும்போது சூடாகிவிடும். டிஃபரென்ஷியலோடு, அதாவது பின்சக்கரம் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியரோடு வருகிற மோட்டாரே சரி. இறக்கம்தான் எனக்குப் பயம். பின்சக்கரம் இரண்டிலும் டிரம் பிரேக் இருக்க வேண்டும். மழைக்கு என்றால், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டி சீட் உயரத்தில் இருக்கட்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள்.

காய்கறிக்காரர், கோவை:
பணம் கொடுக்கும் முன் பத்து கேனையும் ஏற்றி, பாலத்தின் நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். சார்ஜ் போட எர்த் சரியாக உள்ள தனி 16 ஆம்பியர் பாயின்ட் வையுங்கள். எக்ஸ்எல்லை விற்றுவிடாதீர்கள், ஒரே கேன் கேட்டு போன் வரும்போது அதுதான் வசதி.