வெளியே போனவர் திரும்பி ஆடலாமா? வன்னி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்கு ஒரு விதிமாற்றம்

மல்லாவி_11:
ஐந்து பேரை மாற்றலாம் என்று அறிவிக்கிறோம். மாற்ற ஆள் வேண்டாமா? அறுவடைக் காலத்தில் எங்கள் கழகம் 13 பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. மூன்று மணி வெயிலில் கெண்டைக்கால் பிடித்து ஒருவன் விழுந்தால், கால் மணி நேரம் தண்ணீர் குடித்து நிழலில் இருந்தாலே அவன் திரும்ப ஓடுவான். ஆனால் மாற்றினால் அவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. அதனால் நொண்ட நொண்ட உள்ளேயே வைத்திருக்கிறோம். என் யோசனை: வெளியே எடுத்தவரைத் திரும்ப இறக்க விட வேண்டும். இளையோர், மூத்தோர், அடித்தள (ஊர் மட்ட) ஆட்டங்களில் தேசியச் சங்கம் சம்மதித்தால் இது செல்லும் என்று உதைபந்தாட்ட விதிப்புத்தகமே சொல்கிறது.

வவுனியா_பின்காவல்:
தம்பி, எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 2014 உலகக்கிண்ணக் காலிறுதியில் கொஸ்டாரிக்காவுக்கு எதிராக, மேலதிக நேரம் முடியும் தறுவாயில், நெதர்லாந்துப் பயிற்றுநர் வான் கால் கோல்காப்பாளரை மாற்றி குருலை இறக்கினார். குருல் இரண்டு தண்ட உதைகளைத் தடுத்தார். எடுத்தவரைத் திரும்ப இறக்க முடியாது என்பதால்தான் அந்த முடிவுக்கு அவ்வளவு கனம். உங்கள் விதி வந்தால் 1-0 என்று முன்னால் நிற்கிற அணி என்ன செய்யும் தெரியுமா? ஓயாமல் ஆள் மாற்றும். போகிறவன் மற்றக் கோடியிலிருந்து அன்னநடை நடந்து வருவான், நடுவில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவான். இருட்டிவிடும்.

மல்லாவி_11:
அண்ணை, அந்த நடைக்கு 2019இலேயே தடை வந்துவிட்டது. கிட்டவுள்ள எல்லைக்கோட்டால்தான் வெளியேற வேண்டும். ஐந்து மாற்றங்களுக்கும் ஆட்டம் நடக்கும்போது மூன்று தருணங்கள்தான், இடைவேளை தனி. அதே மூன்றுக்குள் திரும்பி வருவதையும் அடக்கினால் போதும்.

குளக்கட்டு:
1966 வரை உலகக்கிண்ணத்தில் மாற்றுவீரரே கிடையாது. அந்த ஆண்டு போர்த்துக்கல்லுடன் அடிபட்ட பெலே நொண்டிக்கொண்டே ஆடினார். 1970இல்தான் இரண்டு பேரை மாற்ற விட்டார்கள். விதி மாறலாம், சரி. எனக்குப் பயம் வேறு. தலையில் அடிபட்ட பெடியனை வெளியே இருத்திவிட்டு, "இப்ப சரியா? போ" என்று திரும்ப அனுப்புவார்கள். எங்கள் மைதானங்களில் பெரும்பாலும் மருத்துவர் இல்லை. தலை அடிபட்டவர் திரும்பவே கூடாது, அவருக்குக் கணக்கில் சேராத ஒரு மாற்றம் வேண்டும். 2024 முதல் போட்டி நடத்துவோர் விரும்பினால் அப்படி அனுமதிக்கலாம்.

மல்லாவி_11:
இதை முதல் நிபந்தனையாகவே எழுதலாம்.

வவுனியா_பின்காவல்:
தலை விடயத்தில் நானும் உங்கள் பக்கம், அதை நாளைக்கே கொண்டுவரலாம். மற்றதில் இல்லை. 18 பேர் வைத்திருக்கிற நகரக் கழகம் தன் வேகமான முன்னணி வீரரை இடையில் ஆறவிட்டுக் கடைசிக் கால் மணிக்குத் திரும்ப இறக்கும். உங்கள் 13 பேர் அப்போது யாரைப் பிடிப்பது? சின்னக் கழகத்துக்கென்று கேட்கிற விதி பெரிய கழகத்துக்குத்தான் உதவும்.

மல்லாவி_11:
ஐந்து மாற்றம் இப்போதே அவர்களுக்குத்தானே உதவுகிறது, அண்ணை? எங்களிடம் இறக்க இரண்டு பேர்தான். ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் திரும்ப அனுமதி என்று வைத்து, 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் முதலில் பார்ப்போம். மேசையில் கொப்பியும் பேனையுமாக ஒருவர் இருந்து எழுதட்டும்.

வவுனியா_பின்காவல்:
16 வயதுக்குட்பட்டோர் என்றால் மறிக்க மாட்டேன். பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்தால் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன்.